பிஹெச்.டி படிக்கிற பிள்ளைக்குப் பல்கலைக்கழகமே பணம் தருமா? கேட்டு வாங்கவேண்டிய உதவிகள்

"பிஹெச்.டி சேர்ந்திருக்கிறேன்" என்று சொன்னதும் கொங்கு வீடுகளில் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அதுக்குச் சம்பளம் ஏதாச்சும் குடுப்பாங்களா கண்ணு?"

நியாயமான கேள்வி. பி.எஸ்ஸி, எம்.எஸ்ஸி என்று 5 வருடம் படிக்கவைத்த குடும்பம் அது. கூடப் படித்தவர்கள் சரவணம்பட்டி ஐ.டி கம்பெனிகளிலும் திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்களிலும் சம்பளம் வாங்க ஆரம்பித்திருப்பார்கள். இன்னும் 3 முதல் 6 வருடம் வருமானமே இல்லாமல் படிப்பதென்றால், தோட்டமும் தறியும் நடத்தும் வீட்டில் அது சின்ன விஷயமல்ல. பலருடைய ஆராய்ச்சி பாதியில் நிற்பதற்குக் காரணம் மூளையில்லாமை அல்ல. பஸ் பாஸுக்கும், கெமிக்கலுக்கும், ஹாஸ்டல் ஃபீஸுக்கும் கையில் பணமில்லாமைதான்.

ஜே.ஆர்.எஃப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தேர்வு எழுதி, ஜெயித்து, டெல்லியிலிருந்து வாங்கும் பணம் அது. ஆனால், நீங்கள் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சில பணப்பெட்டிகள் இருக்கின்றன. சில பெரியவை, பல சின்னவை. அவற்றை யார், எப்போது, எப்படிக் கேட்கலாம் என்பதுதான் இந்த வாரப் பகுதி. மாணவர்களைப் போலவே பெற்றோரும் படிக்கவேண்டிய விஷயம் இது.

ஜானகி அம்மாளை அனுப்பிய பணம்

கோவைப் பக்கம் இருப்பவர்கள் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். 1912-ல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம். இந்தியா முழுக்கக் கரும்பு ரகங்களின் பெயர் 'கோ' என்று ஆரம்பிப்பதற்குக் கோயம்புத்தூர்தான் காரணம்.

1930-களில் அங்கே ஒரு பெண் விஞ்ஞானி வேலை பார்த்தார். தலைச்சேரியில் 1897-ல் பிறந்த ஈ.கே.ஜானகி அம்மாள். கரும்பை அதன் உறவுக்காரப் புல் இனங்களோடு ஒட்டுச் சேர்த்து, குரோமோசோம்களை எண்ணி, எந்தச் சேர்க்கை நிலைக்கும் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கரும்போடு மக்காச்சோளத்தையே சேர்த்துப் பார்த்தவர். பிற்பாடு இங்கிலாந்து போய், சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்லஸை 1945-ல் வெளியிட்டார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர் சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1920-களில் ஒரு இந்தியப் பெண் அமெரிக்கா போய்த் தாவரவியலில் ஆராய்ச்சி செய்வதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?

மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து. அங்கே நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த லெவி பார்பர் என்பவர், ஆசியப் பெண்கள் அங்கு வந்து படிப்பதற்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பணத்தில் உருவானது பார்பர் உதவித்தொகை. ஜானகி அம்மாள் அந்த உதவியில் போய் முதுகலை முடித்தார். மறுபடியும் போய் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் கோவை. அரசு கொடுத்த பணமல்ல; ஒரு பல்கலைக்கழகம் தன் கையிலிருந்த நிதியை, தன்னிடம் படிக்க வந்த ஒருவருக்குக் கொடுத்தது. நம் ஊர்க் கரும்பு ஆராய்ச்சிக்கு ஒரு ஆள் கிடைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. அந்த உதவித்தொகை 100 வருடம் தாண்டி இன்றும் அங்கே வழங்கப்படுகிறது.

கோவையிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. கோவை வேளாண் கல்லூரியில் 1944-ல் பட்டம் வாங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன், பிறகு ஐ.பி.எஸ் பணிக்குத் தேர்வானார். அதே சமயத்தில் நெதர்லாந்தில் மரபியல் படிக்க யுனெஸ்கோ உதவித்தொகையும் கிடைத்தது. அவர் போலீஸ் வேலையை விட்டுவிட்டு உதவித்தொகையை எடுத்துக்கொண்டார். அந்தக் கடிதம் வராமல் போயிருந்தால் நாட்டுக்கு ஒரு போலீஸ் அதிகாரி கூடுதலாகக் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் பணம் ஏன் முக்கியம்?

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஜே.ஆர்.எஃப் வாங்கியவருக்கு, 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். 2 வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப் ஆனால் 42,000 ரூபாய். இது போக வீட்டு வாடகைப் படியும், வருடாந்திரச் செலவுத் தொகையும் உண்டு. நல்ல தொகைதான். ஆனால், நெட் தேர்வு எழுதுகிறவர்களில் ஜே.ஆர்.எஃப் கிடைப்பது மிகச் சிலருக்கு.

கிடைக்காதவர்களுக்கு? யு.ஜி.சி-யின் 'நான் நெட்' உதவித்தொகை என்று ஒன்று உண்டு. பிஹெச்.டி மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் அதை நிறுத்தப்போவதாக யு.ஜி.சி அறிவித்தபோது, டெல்லியில் மாணவர்கள் யு.ஜி.சி அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து போராடினார்கள். செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால், பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தத் தொகை மத்தியப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும்தான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தால் கிடைக்கும். மருதமலை அடிவாரத்தில் படித்தால் கிடைக்காது.

ஆக, மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜே.ஆர்.எஃப் இல்லாமல் சேர்ந்த மாணவருக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதிதான் முதல் நம்பிக்கை. அந்தத் தொகை ஜே.ஆர்.எஃப்-ஐ விட மிகவும் குறைவாக இருக்கலாம். ஆனாலும், ஹாஸ்டல் மெஸ் பில் கட்டவும், மாதம் ஒரு தரம் ஊருக்குப் போய்வரவும் அது போதும் என்றால், ஒரு ஆராய்ச்சி நிற்காமல் ஓடும்.

என்னென்ன பெட்டிகள் இருக்கின்றன?

ஒன்று, பல்கலைக்கழக ஆராய்ச்சி உதவித்தொகை. 'யு.ஆர்.எஃப்' என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். கோவை பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் இரண்டிலும் இந்தப் பெயரில் உதவித்தொகை இருந்துவருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா நூற்றாண்டு ஆராய்ச்சி உதவித்தொகை' என்று பெயர். பொதுவான நிபந்தனைகள் இவை: முழுநேர ஆராய்ச்சி மாணவராக இருக்கவேண்டும், வேறு உதவித்தொகையோ சம்பளமோ வாங்கக் கூடாது, 6 மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை தரவேண்டும். தேர்வு மதிப்பெண், துறை வாரியான இடங்கள், இட ஒதுக்கீடு ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல். பல இடங்களில் இந்த உதவி, பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் துறைகளில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். பொள்ளாச்சியிலோ, கோபியிலோ, நாமக்கல்லிலோ இணைப்புக் கல்லூரியில் பிஹெச்.டி பதிவு செய்தவருக்குப் பட்டம் அதே பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். உதவித்தொகை வராமல் போகலாம். எங்கே சேர்வது என்று முடிவெடுப்பதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி இது. சேர்ந்த பிறகு கேட்டால் பயனில்லை.

இரண்டு, சீட் மணி. விதைப் பணம் என்றே சொல்லலாம். இது ஆசிரியர்களுக்குத் தரப்படுவது. ஒரு புதிய உதவிப் பேராசிரியர் வெளியிலிருந்து பெரிய ப்ராஜெக்ட் வாங்குவதற்கு முன், முதல்கட்ட முடிவுகளைக் காட்டுவதற்காகக் கல்லூரி நிர்வாகமே கொடுக்கும் தொகை. 'ஆசிரியருக்குத் தருவதில் எனக்கென்ன?' என்று நினைக்கவேண்டாம். விதிகள் அனுமதிக்கும் இடங்களில், அந்தப் பணத்தில்தான் ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட் எடுப்பார்கள். பயிற்சி மாணவருக்கு ஸ்டைபண்ட் தருவார்கள். உங்கள் ஆய்வுக்கான கெமிக்கலும் அதில் வாங்கப்படலாம். எம்.எஸ்ஸி முடித்துவிட்டு, பிஹெச்.டி-யா வேலையா என்று குழம்பி நிற்பவர்களுக்கு 6 மாத ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட் வேலை நல்ல பரீட்சை. ஆராய்ச்சி தனக்குப் பிடிக்கிறதா என்று சம்பளத்தோடு தெரிந்துகொள்ளலாம்.

மூன்று, மாணவர் ப்ராஜெக்ட் உதவி. இளங்கலை, முதுகலை இறுதியாண்டு மாணவர்களுக்கானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப மேம்பாடு மற்றும் பரிமாற்ற மையம், மாணவர்களின் புதுமையான ப்ராஜெக்ட்களுக்கு இப்படி உதவுகிறது. தனியார் பொறியியல் கல்லூரிகளிலும் நிர்வாகமே சின்னத் தொகை ஒதுக்குவது உண்டு. இதோடு சேர்த்து, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் திட்டத்துக்கும் உங்கள் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க முடியும்.

நான்கு, பயண உதவி. வேறு ஊரில் நடக்கும் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறவருக்கு ரயில் கட்டணம், பதிவுக் கட்டணம். சில இடங்களில் வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஒரு பங்கு தருவார்கள். இதில் முக்கியமான விதி, முன் அனுமதி. போய்வந்த பிறகு பில் நீட்டினால் பெரும்பாலும் கிடைக்காது.

ஐந்து, பணமாக வராத உதவி. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் மையக் கருவிக்கூடத்தில் ஒரு மாதிரியைப் பரிசோதிக்க, வெளி ஆட்களுக்கு ஒரு கட்டணம், சொந்த மாணவர்களுக்கு வேறு கட்டணம் என்று வைத்திருப்பது வழக்கம். 50 மாதிரிகளைப் பரிசோதிக்கிறவருக்கு அந்த வித்தியாசமே பல ஆயிரம் ரூபாய் வரும். ஆய்வேட்டுத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள், ஆய்விதழ்களைப் படிக்கும் அனுமதி, புள்ளியியல் மென்பொருள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ஆறு, அறக்கட்டளைப் பரிசுகளும் உதவித்தொகைகளும். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஐந்தாவது பங்கு

பீளமேட்டில் ஒரு கதை எல்லோருக்கும் தெரியும். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் 4 பேர். சொத்தைப் பிரிக்கும்போது 5 பங்காகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 1926-ல் அப்படி உருவானதுதான் பி.எஸ்.ஜி அறக்கட்டளை. பள்ளியில் தொடங்கி, பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி என்று வளர்ந்தது. கொங்கு மண்டலத்தில் கல்விக்குக் கொடுக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

அதே பழக்கத்தின் சின்ன வடிவம்தான் பல்கலைக்கழகங்களில் இருக்கும் அறக்கட்டளை நிதிகள். ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரோ, மில் உரிமையாளரோ, அப்பா, அம்மா பெயரில் ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்கிறார். அந்த முதலைத் தொடமாட்டார்கள். வங்கியில் போட்டு, வட்டியை மட்டும் ஒரு மாணவருக்குக் கொடுப்பார்கள்.

இங்கேதான் ஒரு நடைமுறைப் பிரச்னை. 1 லட்ச ரூபாய்க்கு 7 சதவிகித வட்டி என்றால் வருடத்துக்கு 7,000 ரூபாய். பல வருடங்களுக்கு முன்பு 10,000 ரூபாய் போட்டு உருவாக்கிய நிதி என்றால் வட்டி 700 ரூபாய்தான். அன்றைக்கு அது ஒரு மாணவரின் பல மாதச் செலவு. இன்றைக்கு ஒரு புத்தகத்துக்குப் போதும். இதனாலேயே பல அறக்கட்டளை நிதிகள் யாரும் விண்ணப்பிக்காமல், பெயர்ப் பலகையாகவே நிற்கின்றன.

இதைப் படிக்கும் பெரியவர்கள் யாராவது தங்கள் பழைய கல்லூரிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்திருந்தால், புதிய நிதி ஒன்றைத் தொடங்குவதைவிட, இருக்கும் ஒரு பழைய நிதிக்கு முதல் சேர்க்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். அல்லது, 3 வருடத்துக்கு ஒரு ஆராய்ச்சி மாணவரின் கெமிக்கல் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மிச்சிகனில் ஒருவர் செய்தது இதுதான்.

எங்கே தேடுவது?

சர்க்குலர் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், துறைத் தலைவரின் மேஜையில் கிடக்கும், கடைசித் தேதி முடிந்த பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் வரும். இதுதான் பல இடங்களில் நடப்பது. அதனால், காத்திருக்காமல் தேடுங்கள். 3 வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, நாக் அறிக்கை. 'ஏ பிளஸ் பிளஸ்' என்று கல்லூரி வாசலில் போர்டு வைக்கிறார்களே, அந்தத் தரச் சான்றுக்காக ஒவ்வொரு கல்லூரியும் சமர்ப்பித்த சுய மதிப்பீட்டு அறிக்கை அதன் இணையதளத்திலேயே இருக்கும். அதில் மூன்றாவது அளவுகோல் ஆராய்ச்சி பற்றியது. பல்கலைக்கழக அறிக்கை என்றால், நிர்வாகம் ஆசிரியர்களுக்கு எவ்வளவு சீட் மணி கொடுத்தது, எத்தனை ஆராய்ச்சி மாணவர்கள் உதவித்தொகை வாங்குகிறார்கள் என்ற விவரங்கள் 3.1 என்ற பகுதியில் வரும். கொடுத்ததாக அறிக்கையில் எழுதியிருந்தால், அதற்கு ஒரு விதிமுறையும் இருக்கவேண்டும். "அந்தப் பாலிசி எங்கே கிடைக்கும்?" என்று பணிவாகக் கேட்கலாம். சேருவதற்கு முன்பே 2 கல்லூரிகளை ஒப்பிடவும் இது உதவும்.

இரண்டாவது வழி, சீனியர்கள். ஆராய்ச்சி மையத்தின் டீன் அலுவலகத்தில் ஒரு உதவியாளர், துறையில் மூன்றாம் வருட ஸ்காலர் ஒருவர். இவர்கள் இருவருக்கும் தெரிந்தது இணையதளத்தில் இருக்காது. 'போன வருடம் எந்த மாதம் அறிவிப்பு வந்தது?' என்பதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அறிவிப்புகள் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் மறுபடி வரும்.

மூன்றாவது வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அரசுப் பல்கலைக்கழகங்கள் இதற்குக் கட்டுப்பட்டவை. 10 ரூபாய் கட்டணத்தில், இந்த வருடம் எத்தனை யு.ஆர்.எஃப் இடங்கள், எத்தனை நிரப்பப்பட்டன, கடைசியாக எந்த மாதம் வரை தொகை வழங்கப்பட்டது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். சொந்தத் துறையோடு மோதல் வருமோ என்று பயமாக இருந்தால், வீட்டில் வேறு ஒருவர் பெயரில் கேட்கலாம். இந்தியக் குடிமகன் யாரும் கேட்கலாம் என்பதுதான் சட்டம்.

எப்படி எழுதுவது?

உள் நிதி விண்ணப்பங்கள் பெரும்பாலும் 2 அல்லது 3 பக்கம்தான். படிப்பவர்களில் பாதிப் பேர் வேறு துறைப் பேராசிரியர்கள். கெமிஸ்ட்ரி விண்ணப்பத்தைப் பொருளாதாரப் பேராசிரியரும் படிப்பார். அதனால், கேள்வி தெளிவாக இருக்கவேண்டும்.

'மஞ்சளின் மருத்துவ குணங்கள் பற்றிய ஆய்வு' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'ஈரோடு மஞ்சளை வேகவைக்கும் நேரம் மாறினால் குர்குமின் அளவு எவ்வளவு மாறுகிறது?' என்று எழுதினால், குழுவில் இருக்கும் எல்லோருக்கும் புரியும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஒரு வரி சேர்த்தால், இந்தக் கேள்விக்கு விடை யாருக்குத் தேவை என்பதும் புரிந்துவிடும்.

உள்ளூர்க் கேள்விகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. நொய்யல் தண்ணீர், பவானி ஜமக்காளத் தறிகள், கோவை வெட் கிரைண்டர், பொள்ளாச்சித் தென்னையின் நோய்கள், விசைத்தறித் தொழிலாளர்களின் காது கேட்கும் திறன். மாதிரி எடுக்கப் பஸ்ஸிலேயே போய்வரலாம் என்பதால் செலவும் குறைவு. சின்னத் தொகையில் முடிக்கக்கூடிய ஆய்வு என்று குழுவுக்கு நம்பிக்கை வரும்.

பட்ஜெட்டில் உருண்டைத் தொகை போடாதீர்கள். 'இதர செலவுகள் 20,000' என்று எழுதினால் முதலில் வெட்டப்படுவது அதுதான். எத்தனை மாதிரி, ஒரு மாதிரிக்குப் பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை பயணம், பஸ் கட்டணம் எவ்வளவு என்று பெருக்கிக் காட்டுங்கள். கருவி வாங்கக் கேட்பதைவிட, ஏற்கெனவே வளாகத்தில் இருக்கும் கருவியைப் பயன்படுத்தக் கட்டணம் கேட்பது எடுபடும்.

இணைக்கவேண்டியவை பெரும்பாலும் ஒன்றேதான். பிஹெச்.டி பதிவுக் கடிதம், கைடு கையெழுத்திட்ட வருகைச் சான்று, வேறு உதவித்தொகை வாங்கவில்லை என்ற உறுதிமொழி, மதிப்பெண் சான்றுகள், சாதிச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். இவற்றை ஸ்கேன் செய்து போனில் ஒரு ஃபோல்டராக வைத்துக்கொண்டால், கடைசி நாள் இரவு ஓடவேண்டியதில்லை.

பணம் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. செலவுச் சான்று. வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ஜி.எஸ்.டி பில் வைத்து, வருட முடிவில் கணக்குக் காட்டவேண்டும். இதைக் கொடுக்காததால் இரண்டாம் தவணை நின்றுபோன ப்ராஜெக்ட்கள் ஏராளம். வீட்டில் பால் கணக்கு எழுதுவதைப் போல ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள்.

தாமதம் என்னும் பெரிய பிரச்னை

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைக்கவேண்டாம். உதவித்தொகை அறிவிப்பு வந்து, தேர்வாகி, ஆணையும் வாங்கிய பிறகு, மாதக்கணக்கில் பணம் வராமல் இருப்பதுதான் ஆராய்ச்சி மாணவர்களின் முதல் புகார்.

காரணம் என்ன? மாநிலப் பல்கலைக்கழகங்களின் சொந்த வருமானம் பெரும்பாலும் தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதாவது, பொள்ளாச்சியில் பி.காம் படிக்கும் மாணவர் கட்டும் தேர்வுக் கட்டணத்தில் ஒரு துளியும் இந்த உதவித்தொகையில் இருக்கிறது. அந்த வருமானத்திலிருந்துதான் சம்பளப் பற்றாக்குறையையும் ஓய்வூதியத்தையும் சமாளிக்கவேண்டும். நெருக்கடி வந்தால் முதலில் தள்ளிப்போடப்படுவது மாணவர் உதவித்தொகை. சம்பளம் நின்றால் ஊழியர்கள் கேட்பார்கள். ஸ்டைபண்ட் நின்றால் கேட்க ஆளில்லை.

இன்னொரு காரணம் நிர்வாகம். பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு நீண்ட காலம் ஒருங்கிணைப்புக் குழுவின் பொறுப்பில்தான் பல்கலைக்கழகம் நடந்தது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான இழுபறி நமக்குத் தொலைக்காட்சி விவாதம். ஆனால், ஒரு துணைவேந்தர் நிரந்தரமாக இல்லாத இடத்தில், புதிய திட்டம் தொடங்கவும், தொகையை உயர்த்தவும் யார் முன்வருவார்கள்?

மாணவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. தனியாகப் போய்க் கேட்காமல், ஒரே உதவித்தொகை வாங்கும் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரே மனுவாகப் பதிவாளருக்கும் நிதி அலுவலருக்கும் கொடுங்கள். மனு கொடுத்ததற்கான முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். பில் துறையில் நிற்கிறதா, நிதிப் பிரிவில் நிற்கிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாதி நேரம் கைடின் ஒரு கையெழுத்துக்காகத்தான் கோப்பு காத்திருக்கும்.

கல்லூரி உள் நிதி இல்லை என்றால்?

இணைப்புக் கல்லூரிகளில் படிப்பவர்கள் மாநில அரசின் திட்டங்களைப் பார்க்கவேண்டும். முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு 2023-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் தகுதித் தேர்வு அறிவிக்கப்பட்டது. தொகை மாதம் 25,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர பிஹெச்.டி மாணவர்களுக்கு, ஆதிதிராவிடர் நலத்துறை வருடத்துக்கு 1 லட்ச ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. எம்.எஸ்ஸி-யில் பல்கலைக்கழக முதல் ரேங்க் வாங்கியவர்கள், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை அறிவிப்பைத் தவறவிடக் கூடாது. மருத்துவ மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர் குறுகிய கால மாணவர் ஆய்வு உதவி உண்டு. தகுதியும் கடைசித் தேதியும் வருடா வருடம் மாறும் என்பதால், அந்தந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

பெண்களுக்கு ஒரு தகவல்

பிஹெச்.டி காலத்தில்தான் பல பெண்களுக்குத் திருமணமும் குழந்தைப்பேறும் வருகின்றன. 2022-ம் ஆண்டின் யு.ஜி.சி பிஹெச்.டி விதிமுறைகளின்படி, மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். அதிகபட்சக் காலமான 6 வருடத்துக்குப் பிறகு, மறுபதிவு மூலம் 2 வருடமும், பெண்களுக்கு அதற்கு மேல் இன்னும் 2 வருடமும் நீட்டிப்பு பெற முடியும். இந்த விடுப்புக் காலத்தில் பல்கலைக்கழக உதவித்தொகை தொடருமா, நிற்குமா என்பது அந்தந்த உதவித்தொகையின் விதியைப் பொறுத்தது. ஆணையை வாங்கும்போதே அந்த ஒரு பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள். குடும்பத்தாரும் படிக்கவேண்டும். 'கல்யாணம் ஆயிருச்சு, இனி எதுக்குப் படிப்பு' என்று நிறுத்தப்படும் ஆராய்ச்சிகளில் சில, இந்த விதி தெரிந்திருந்தால் நின்றிருக்காது.

இரண்டு எச்சரிக்கைகள்

'ஸ்காலர்ஷிப் உறுதி, ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்' என்று போனில் வரும் மெசேஜ்களை நம்பாதீர்கள். பல்கலைக்கழக உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணம் இருந்தால், அது பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான் போகும், தனிநபரின் ஜி.பே நம்பருக்குப் போகாது.

அடுத்தது, ஊக்கத்தொகைக்காகக் கண்ட ஆய்விதழில் பணம் கட்டிக் கட்டுரை போடுவது. 2022 விதிமுறைகளில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி எடுத்துவிட்டது. தன் பங்குக்கு உங்கள் பல்கலைக்கழகம் அப்படி ஒரு விதி வைத்திருக்கலாம். இருந்தாலும், 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி-யின் 'கேர்' பட்டியலும் கைவிடப்பட்ட நிலையில், எது நல்ல ஆய்விதழ் என்று கைடிடமும் நூலகரிடமும் கேட்டு முடிவெடுப்பதுதான் பாதுகாப்பு. மாதம் சில ஆயிரம் உதவித்தொகை வாங்கி, அதில் பாதியைப் போலி ஆய்விதழுக்குக் கட்டுவதில் அர்த்தமில்லை.

வீட்டில் ஆராய்ச்சி மாணவர் இருக்கிறாரா? இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய்யுங்கள். கல்லூரி இணையதளத்தில் நாக் அறிக்கையைத் திறந்து, மூன்றாவது அளவுகோலில் சீட் மணி என்ற வரியைத் தேடுங்கள். திங்கட்கிழமை காலை டீன் அலுவலகத்துக்குப் போய், யு.ஆர்.எஃப் அறிவிப்பு எந்த மாதம் வரும், பயண உதவிக்கு எத்தனை நாள் முன்பு எழுதவேண்டும், கருவிக்கூடத்தில் மாணவர் கட்டணம் எவ்வளவு என்ற 3 கேள்விகளையும் கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அப்போது, "சம்பளம் ஏதாச்சும் குடுப்பாங்களா?" என்று அடுத்த முறை யாராவது கேட்டால், சொல்வதற்கு ஒரு தொகையும் ஒரு தேதியும் கையில் இருக்கும்.